கரண்ட் வந்ததும் மோட்டார் ஏன் பாதி வேகத்தில் ஓடுகிறது?

விம்கோ நகருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு தீப்பெட்டி ஆலை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வந்தபிறகு ஊரின் பெயர் தென்சென்னைக்காரர்களுக்கும் பழகிவிட்டது. திருவொற்றியூர் தொடங்கி எண்ணூர் வரை நீளும் இந்த வட்டாரத்தின் பிழைப்பு மட்டும் இன்னும் மோட்டார், பாய்லர், வால்வு இவற்றைச் சுற்றித்தான். இந்த இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்கிறவர்கள் வாங்கும் பொருள்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று டி.ஏ.சி. எனப்படும் ஐ.சி. தொழிலில் சுருக்கமாக ‘டாக்’.

மைக்ரோகன்ட்ரோலருக்குத் தெரிந்தது எண் மட்டுமே. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவுக்கோ 0 முதல் 10 வோல்ட் வரையிலான அழுத்தம் வேண்டும். எண்ணை அழுத்தமாக மாற்றித் தருவது டாக்கின் வேலை. 12 பிட் டாக் என்றால் 0 முதல் 4095 வரை 4096 நிலைகள். 5 வோல்ட் சப்ளையில் ஒரு படி சுமார் 1.2 மில்லிவோல்ட்.

கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது “எத்தனை பிட்?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: கரண்ட் போய் வந்ததும் இந்த ஐ.சி. என்ன வெளியிடும்?

பரவலாகக் கிடைக்கும் எம்.சி.பி. 4725-ஐ எடுத்துக்கொள்வோம். மைக்ரோசிப் நிறுவனத்தின் தயாரிப்பு. 12 பிட், ஆறு கால், சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். உள்ளேயே ஒரு ஈஈப்ராம் நினைவகம் இருக்கிறது. சப்ளை வந்தவுடன், மைக்ரோகன்ட்ரோலர் விழித்துக்கொள்ளும் முன்பே, அந்த நினைவகத்தில் உள்ள எண்ணை எடுத்து வெளியே காட்டிவிடும். ஆலையிலிருந்து வரும்போது அதில் எழுதியிருப்பது பூஜ்யம் அல்ல, சரிபாதி. 5 வோல்ட்டில் 2.5 வோல்ட், அதை இரட்டிப்பாக்கி டிரைவுக்குக் கொடுத்தால் 5 வோல்ட். 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அது 25 ஹெர்ட்ஸ் கட்டளை. டிரைவில் ‘ரன்’ சிக்னலும் நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டிருந்தால், பவர்கட் முடிந்ததும் கன்வேயர் தானாகவே நகரத் தொடங்கும். பெல்ட்டில் கை வைத்துக்கொண்டிருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

போர்டைப் பொருத்துவதற்கு முன் ஒரே ஒருமுறை ஈஈப்ராமில் பூஜ்யத்தை எழுதிவிட்டால் இது தீர்ந்துவிடும். ஆனால் ஒரே ஒருமுறைதான். ஒவ்வொரு மாற்றத்தையும் ஈஈப்ராமிலும் எழுதும்படி புரோகிராம் செய்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த நினைவகத்துக்கு டேட்டாஷீட் சொல்லும் ஆயுள் 10 லட்சம் முறை எழுதும் வரைதான். நொடிக்கு ஒன்று என்று எழுதினால் 12 நாளுக்குள் கணக்கு முடிந்துவிடும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்களுக்கு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டாக் 7571 போல எப்போதும் பூஜ்யத்திலேயே விழிக்கும் ஐ.சி.க்கள் இருக்கின்றன. மோட்டாருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எந்த டாக்கானாலும் மைக்ரோகன்ட்ரோலர் உறைந்துபோனால் கடைசியாக வந்த எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே ‘ரன்’ கட்டளை தனி ரிலே வழியாகப் போவதே பாதுகாப்பு.

அடுத்த கேள்வி, அளவுகோல் எங்கிருந்து வருகிறது என்பது. எம்.சி.பி. 4725-க்குத் தனி ரெஃபரன்ஸ் கிடையாது. தனக்கு வரும் சப்ளையையே முழு அளவாக எடுத்துக்கொள்ளும். அந்தச் சப்ளையைத் தருவது பெரும்பாலும் 7805 ரெகுலேட்டர். அதன் வெளியீடு 4.8 முதல் 5.2 வோல்ட்டுக்குள் எங்கே இருந்தாலும் அது நல்ல ஐ.சி.தான். உச்ச நிலையில் 0.2 வோல்ட் வித்தியாசம் என்றால் 160 படிகளுக்கு மேல் பிசகு. ரிலே அடிக்கும்போது சப்ளை துள்ளினால் வெளியீடும் கூடவே துள்ளும். கஜக்கோலே நீண்டு சுருங்கும்போது அதில் மில்லிமீட்டர் கோடு போட்டு என்ன பயன்? துல்லியம் தேவைப்படும் இடத்தில் உள்ளேயே ரெஃபரன்ஸ் கொண்ட ஐ.சி. வேண்டும். எம்.சி.பி. 4728-இல் நான்கு சேனலும் 2.048 வோல்ட் ரெஃபரன்ஸும் இருக்கின்றன. அனலாக் டிவைசஸின் ஏ.டி. 5693ஆர் 16 பிட், 2.5 வோல்ட் ரெஃபரன்ஸுடன் வருகிறது.

பிட்டுக்கு இப்போது வரலாம். 50 ஹெர்ட்ஸ் டிரைவில் 8 பிட் டாக்கின் ஒரு படி சுமார் 0.2 ஹெர்ட்ஸ், நான்கு துருவ மோட்டாரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 சுற்று. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஈஎஸ்பி 32-க்குள்ளேயே இரண்டு 8 பிட் டாக் இருப்பதால் அதற்குத் தனி ஐ.சி.யே தேவையில்லை (பின்னால் வந்த எஸ் 3 ரகத்தில் அவை இல்லை, பார்த்து வாங்கவும்). ஆர்டுயினோ ஊனோவின் பழைய போர்டுகளில் டாக் கிடையாது. ‘அனலாக் ரைட்’ என்ற கட்டளை தருவது வெறும் துடிப்பு. மறுபக்கம், 16 பிட் என்று பெருமையாக வாங்கினாலும் சூடு விடாது. ரெஃபரன்ஸ் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு நகர்கிறது என்றால், பூட்டிய பேனலுக்குள் 20 டிகிரி ஏறியதும் 13 படி போய்விடும்.

எண்ணைவிட ஒழுங்கு முக்கியம். எண் கூடினால் வெளியீடும் கூட வேண்டும், ஓரிடத்திலும் பின்வாங்கக் கூடாது. பாய்லர் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் லூப்பில் ஒரு படி பின்வாங்கினாலும் வால்வு அந்த இடத்திலேயே திறந்து மூடித் தள்ளாடும். டேட்டாஷீட்டில் ‘மானோடானிக்’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கன்ட்ரோல் அறைக்கும் வால்வுக்கும் நடுவே நீளமான கேபிள் ஓடும் ஆலைகளில் 0–10 வோல்ட் ஒத்துவராது. வழியில் அழுத்தம் குறையும், பக்கத்து டிரைவின் இரைச்சலும் ஏறும். அங்கே 4–20 மில்லியாம்பியர் லூப்தான் வழக்கம். கேபிளின் மின்தடை கூடினாலும் கரண்ட் மாறாது. பூஜ்ய அளவுக்கே 4 மில்லியாம்பியர் ஓடுவதால், கரண்ட் நின்றுபோனால் ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள். கடற்காற்றில் டெர்மினல்கள் பச்சை பூத்து அரித்துப்போகும் இந்தக் கரையில் அது சின்ன உதவி அல்ல. சாதாரண டாக்குக்குப் பின்னால் தனிச் சுற்று கட்டியும் இந்த லூப்பை ஓட்டலாம். ஏ.டி. 5410, 5420 போன்றவை டாக், கரண்ட் வெளியீடு இரண்டையும் ஒரே ஐ.சி.யில் அடக்கியவை. விலை பல மடங்கு. ஆனால் லூப் அறுந்தால் அறிவிக்க இவற்றில் தனியாக ஒரு கால் இருக்கிறது. அதை மைக்ரோகன்ட்ரோலருடன் இணைத்துவிட்டால், வால்வு வரை நடந்து போய்ப் பார்ப்பதற்கு முன்பே பேனலில் அலாரம் அடிக்கும்.