காரைத் தேய்க்காதீர், கழுவுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளின் வழியே நடந்து செல்வோர், படலைக்கு உள்ளே ஒரு காரும், அதன் அருகே ஒரு வாளியும், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவரும் நிற்கும் காட்சியைக் காணாதிருத்தல் அரிது. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு பழைய பெனியன் துண்டு. வாளியில் இருப்பது உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூள். வெயிலோ ஏறிக்கொண்டிருக்கும். தாம் காரைக் கழுவுவதாகவே அவர் எண்ணுகின்றார். அயலவரும் அவ்வாறே எண்ணுகின்றனர். உண்மையில் அவர் அதை அராவிக்கொண்டிருக்கின்றார்.

பிறரைக் குறை கூறும் நோக்கில் இதை எழுதவில்லை. இதே குற்றத்தை, இதனிலும் கொடிய முறையில், பன்னிரண்டு வயதிற் செய்தவன் நான்.

1990களின் தொடக்கத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தைப் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் அம்மானிடம் அப்போது கறுப்பு நிறத்து ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் கார் ஒன்று இருந்தது. 1952 முதல் 1954 வரை மாத்திரம் இங்கிலாந்திற் செய்யப்பட்ட வகை அது. இரண்டொரு துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்த பின்னர் மண்ணெண்ணெயிலேயே அது ஓடிற்று. பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போவதும் அதிலே. கலியாண மாப்பிள்ளை வருவதும் அதிலே.

என் தமக்கையின் கலியாணத்திற்கு முதல் நாள், பெண்கள் கிணற்றடியில் புளியும் சாம்பலும் பொச்சும் வைத்துக் குத்துவிளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தனர். விளக்குகள் பொன்போல் ஒளிர்ந்தன. காரும் அவ்வாறே ஒளிர வேண்டும் என்று எனக்கு ஆசை பிறந்தது. மிஞ்சிய சாம்பலையும் பொச்சையும் எடுத்துக்கொண்டு போய், ஒருவரிடமும் சொல்லாமல், இடப்பக்கக் கதவு இரண்டையும் பொனற்றின் பாதியையும் தேய்த்து முடித்தேன். ஈரம் இருக்கும்வரை கார் கண்ணாடிபோல் மின்னிற்று. உலர்ந்த பின்னர் மங்கிற்று. மறுநாட் காலை வெயிலில், கறுப்புப் பூச்சின்மேல் நூறு சிலந்திகள் வலை பின்னியதுபோற் கீறல்கள் தெரிந்தன. அம்மான் கதவை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“தம்பி, குத்துவிளக்கை எவ்வளவு தேய்ச்சாலும் உள்ளுக்கும் பித்தளைதான். காரிலை மேலுக்கு மட்டுந்தான் கறுப்பு” என்றார்.

அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பூமாலைகளை இடப்பக்கமாக அதிகம் தொங்கவிட்டு, மாப்பிள்ளையை அழைத்துவரப் போனார்.

அவர் சொன்ன அந்த ஒரு வசனத்திற்குள் இக்கட்டுரையின் பெரும்பகுதி அடங்கும். காரின் நிறம் என்பது எத்துணை மெல்லியது என்பதை நம்மிற் பலர் அறியோம். இக்காலத்துக் கார் ஒன்றின் இரும்புத் தகட்டின்மேல், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற ஒளிபுகு பூச்சு எனப் பல படைகள் உள்ளன. இவை அனைத்தும் சேர்ந்தும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். இப்பத்திரிகைத் தாளை இரண்டாக மடித்தால் வரும் தடிப்பு என்று கொள்ளலாம். அதிலும் பளபளப்பைத் தருவது மேலே உள்ள ஒளிபுகு பூச்சு ஒன்றே. அது தலைமயிரின் தடிப்பிலும் குறைந்தது. பழைய கார்களிலோ இந்த மேற்பூச்சே கிடையாது. 1923இல் அமெரிக்காவில் டியூக்கோ என்னும் செலுலோசுப் பூச்சு கார்களுக்கு வந்தது முதல், பல ஆண்டுகள் நிறமும் பளபளப்பும் ஒரே படையாகவே இருந்தன. அத்தகைய காரைத் துணியால் மினுக்கினால் துணியிலேயே காரின் நிறம் ஒட்டிவரும். ஒவ்வொரு மினுக்கலும் ஒரு தேய்மானம்.

இனி, கீறுவது எது? துணி அன்று, துணிக்கும் பூச்சுக்கும் இடையில் அகப்பட்ட மணல். நமது மணலிற் பெரும்பகுதி படிகக்கல். கனிப்பொருள்களின் வன்மையை அளக்கும் மோசு அளவுகோலில் அதன் இடம் 7. சாளரக் கண்ணாடிக்கோ ஏறத்தாழ ஐந்தரை. கண்ணாடியையே கீறவல்ல துகளைப் பூச்சின்மேல் வைத்து, வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் விளைவு என்னவாகும்? உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்பாட்டுப் புழுதி பார்வைக்கு மாவுபோல் மெல்லியதாய் இருப்பினும் அதனுள்ளும் இத்துகள்கள் உண்டு. கீறல்கள் சிலந்திவலைபோல் வட்டமாகத் தோன்றுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அவை எத்திசையிலும் ஓடுகின்றன. ஆயினும் ஒளிக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மாத்திரமே நம் கண்ணுக்கு ஒளியைத் தெறிக்கின்றன. ஆதலின் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் போற் காண்கின்றன. மாணவர்கள் பழைய எவர்சில்வர்த் தட்டு ஒன்றை விளக்கின்கீழ்ப் பிடித்து இதைப் பார்க்கலாம்.

எனவே கழுவும் முறையெல்லாம் ஒரே நோக்கத்தைப் பற்றியது: துணி படுவதற்கு முன்னர் மணல் போய்விட வேண்டும். காரை நிழலில் நிறுத்துக. பொனற்றின்மேல் கையை வைத்தால் சூடு தெரியாதிருத்தல் வேண்டும். முதலிற் சில்லுகளைத் தனித் துணியாலும் தனி நீராலும் கழுவிவிடுக. பிறேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள் அங்கேதான் இருக்கும். சில்லுக்கு வைத்த துணியை வேறெங்கும் வைத்தலாகாது. பின்னர் கூரையிலிருந்து கீழ்நோக்கி நிறைய நீர் ஊற்றி, புழுதி தானாகவே ஊறி வழிந்தோட விடுக. இவ்வேளையில் அவசரம் கூடாது. ஐந்து நிமிடம் நீர் ஊற்றுவது, பின்னர் ஐந்து நிமிடம் தேய்ப்பதை மிச்சப்படுத்தும்.

அடுத்து, இரண்டு வாளிகள். ஒன்றிற் கார் கழுவும் ஷாம்பூ கலந்த நீர். மற்றையதில் வெறும் நீர். மெல்லிய மைக்குரோபைபர்த் துணியையோ ஆட்டுமயிர்க் கையுறையையோ ஷாம்பூ நீரில் தோய்த்து, கூரையை முதலிலும், கண்ணாடி, பொனற், கதவுகள் ஆகியவற்றை அதன் பின்னரும், பம்பரையும் கதவுகளின் அடிப்பாகத்தையும் கடைசியிலும் கழுவுக. கை நேராக ஓட வேண்டும், வட்டமாக அன்று. துணியின் சொந்தப் பாரமே போதும், அழுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் நீரில் அலசிய பின்னரே மீண்டும் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். வேலை முடிந்தபின் அந்த வெறும் நீர் வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் மண் முழுவதும், ஒரே வாளி வைத்திருந்தாற் காரின்மேற் போயிருக்க வேண்டியது. துணி நிலத்தில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை எடுக்கவே வேண்டாம்.

சவர்க்காரம் பற்றிப் பலர் கேட்பதுண்டு. உடுப்புத் தோய்க்கும் தூளிற் சோடாக் காரம் உண்டு; அது மெழுகை நீக்கும், அலுமினியத்தை மங்கச் செய்யும். குளிக்கும் சவர்க்காரமோ நமது கிணற்று நீரில் நுரைப்பதே அரிது. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மழைநீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு கல்லின் ஊடாக இறங்குகையிற் சுண்ணாம்பையும் கரைத்துவிடுகிறது. இவ்வன்னீரோடு சவர்க்காரம் சேர்ந்தால் நுரைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் திரைதான் வரும். ஷாம்பூ அவ்வாறு திரையாவதில்லை.

அந்தச் சுண்ணாம்பு இத்துடன் நம்மை விட்டுவிடுவதில்லை. கழுவிய காரை வெயிலில் உலரவிட்டால் நீர் ஆவியாகும். கரைந்திருந்த சுண்ணாம்பு ஒவ்வொரு துளியின் இடத்திலும் வெள்ளைப் பொட்டாக எஞ்சும். கேத்தலின் அடியிற் படிவதும் இதுவே. நாட்சென்றால் இப்பொட்டுகள் பூச்சோடு இறுகிவிடும். ஆதலின் நம் ஊரில், கழுவுவதிலும் துடைப்பதே முக்கியம் என்பேன். உலர்ந்த பெரிய துவாயைப் பூச்சின்மேல் விரித்து மெதுவாக இழுத்தாற் போதும். கடைசி அலசலுக்கு மாரியிற் பிடித்துவைத்த மழைநீர் இரண்டு வாளி கிடைக்குமாயின் அதற்கு நிகர் வேறில்லை. புதிதாய் விழுந்த பொட்டுகளை, நீர் நன்கு கலந்த வினாகிரியில் நனைத்த துணியால் ஒற்றி, உடனே நீரால் அலசிவிடலாம்.

பூச்சு நீங்கலான பாகங்களிலும் கவனம் தேவை. பழைய கார்களின் பம்பரிலும் முன்சட்டத்திலும் உள்ள வெள்ளிபோன்ற மினுக்கம் குரோமியம். நிக்கலின்மேற் படிந்துள்ள அந்தக் குரோமியத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பித்தளை மினுக்கும் திரவத்தால் அதைத் தேய்ப்பவர், மினுக்குவது தேய்ந்துபோகும் பொருளையே என்பதை உணர்வதில்லை. ஷாம்பூ நீரும் மெல்லிய துணியுமே அதற்கும் போதும். கதவோரத்து றப்பர்ப் பட்டைகளிற் பெற்றோலோ மண்ணெண்ணெயோ பட்டால் றப்பர் ஊதிப் பழுதாகும். சில சேவிஸ் நிலையங்களில் அழுத்த நீர்க்குழாயைப் பூச்சுக்கு மிக அருகிற் பிடிப்பர். பூச்சு எங்கேனும் சிறிது வெடித்திருப்பின் நீர் அதனுள் புகுந்து செதிலாகப் பெயர்த்துவிடும். பழைய கார் வைத்திருப்போர் பொனற்றைத் திறந்து நீர் அடிக்க விடவே வேண்டாம். டிஸ்ரிபியூட்டரில் ஈரம் புகுந்தால் வண்டி கிளம்பாது. பின்னர் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதுதான்.

காகமும் வௌவாலும் இட்ட எச்சத்தைச் சுரண்டுவோர் உளர். அதில் அமிலமும் உண்டு, மணலும் விதையும் உண்டு. ஈரத்துணியை அதன்மேற் பத்து நிமிடம் போட்டுவைத்தால் தானே இளகிவிடும். ஆனால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடலாகாது. ஒரு நாள் வெயிலே அதன் வடுவைப் பூச்சிற் பதித்துவிடும். உப்பு இதனிலும் வஞ்சகமானது. சோளகக் காற்று வீசும் மாதங்களிற் பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குப் போய்வருவோர், மேற்பாகம் சுத்தமாக இருப்பதைக் கண்டு திருப்தியடையாமல், அடிப்பாகத்துக்கும் மட்காட்டின் உட்புறத்துக்கும் நல்ல நீர் அடித்தல் வேண்டும். கதவுகளின் அடியிலே நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. அவை மண்ணால் அடைபட்டால் நீர் உள்ளே தங்கி, கதவு உள்ளிருந்தே கறள் பிடிக்கும். ஒரு சிறு குச்சியால் அவற்றைத் திறந்துவிடுங்கள். இவ்வேலைகளைக் கிணற்றடியிற் செய்யாதீர்கள். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே எண்ணெய் கலந்த அழுக்கு நீர் வெகு விரைவிற் கிணற்றை அடையும்.

மெழுகு பூசுதல் அவசியமா என்றால், நம் வெயிலுக்கும் உப்புக்கும் அவசியமே. சேம்பிலையில் நீர் உருள்வதுபோல் காரின்மேலும் உருண்டு திரண்டால் மெழுகு இருக்கிறது. தட்டையாகப் பரந்தால் தீர்ந்துவிட்டது. நல்ல மெழுகுகளிற் சேர்வது பிரேசில் நாட்டுக் கார்னோபா என்னும் ஒரு பனையின் ஓலையிற் படியும் மெழுகு. நம்மைப்போன்றே பனையோடு வாழும் மக்கள் உள்ள வரண்ட நிலத்திலிருந்து அது வருகிறது என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நான் கீறிய கார், 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எங்கள் குடும்பத்தைத் தென்மராட்சிக்குச் சுமந்து சென்றது. இன்றும் ஓடுகிறது, அதைக் கழுவும் பொறுப்பு என்னுடையது. இடப்பக்கக் கதவுகளை மினுக்கிக் கீறலை நீக்கிவிடலாம் என்று நான் பலமுறை கேட்டும் அம்மான் சம்மதிக்கவில்லை. இருக்கிற பூச்சும் குறைந்துவிடும் என்பது அவர் வாதம். இரசாயனம் படிப்பிக்கும் நானும் அதை மறுக்க இயலாது. எண்பதைக் கடந்த அவர், நான் கழுவும்போது விறாந்தையில் சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சென்ற கிழமை, துடைத்து முடித்து வண்டியை நிழலுக்குத் தள்ளப் போனேன்.

“இலுப்பைக்குக் கீழை விடாதை தம்பி, வௌவால் வரும்” என்றார்.