பாறைக்குள் பார்க்கும் அலை

தெலங்கானா கிராமங்களில் இப்படி நடப்பது உண்டு. ஒருவர் போர் போடுகிறார். தண்ணீர் கொட்டுகிறது. அதைப் பார்த்துப் பக்கத்து நிலத்துக்காரரும் கடன் வாங்கிப் போர் போடுகிறார். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். ஆனால் அவருக்கு வருவது வெறும் பாறைத் தூள். கடன்தான் மிச்சம்.

ஏன் இப்படி?

அங்கே மண்ணுக்கு அடியில் பெரும்பாலும் கருங்கல் பாறை. கருங்கல் தண்ணீரை உறிஞ்சாது. அதில் உள்ள விரிசல்களில்தான் தண்ணீர் தங்கும். துளை நல்ல விரிசலைத் தொட்டால் தண்ணீர் வரும். தொடாவிட்டால் தூள்தான் வரும்.

துளை போட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது? தோண்டாமலே அதை அறிய ஒரு வழி உண்டு. அதுதான் ரேடார்.

எப்படி அறிகிறார்கள்?

விமானம் வருவதைக் காட்டுவதும் ரேடார்தான். அதில் வேலை செய்வது ரேடியோ அலை. ஒரு துளைக்குள் அலையை அனுப்பும் கருவியை இறக்குவார்கள். அடுத்த துளைக்குள் அலையை வாங்கும் கருவியை இறக்குவார்கள். அலை பாறையின் ஊடே பாய்ந்து வரும்.

கருங்கல்லில் இந்த அலை நொடிக்குச் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். தண்ணீரில் சுமார் 33 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடும். வழியில் ஈரமான விரிசல் இருந்தால் அலை தாமதமாக வரும். வலுவும் குறைந்து வரும்.

கருவிகளை மேலும் கீழும் நகர்த்திப் பல தடவை அளப்பார்கள். கம்ப்யூட்டர் எல்லா அளவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் படம் தரும். ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுப்பதும் ஏறக்குறைய இதே முறைதான்.

சுவீடனில் நடந்த சோதனை

சுவீடன் நாட்டிலும் கருங்கல் பாறை உண்டு. அங்கே ஸ்ட்ரிபா என்ற பழைய இரும்புச் சுரங்கத்தில் 1980 முதல் 1992 வரை பல நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அணுக் கழிவைப் பாறைக்குள் புதைத்தால் தண்ணீர் அதை வெளியே கொண்டுவருமா என்று அறிய விரும்பினார்கள். விரிசலுக்குள் உப்பு நீரைச் செலுத்தினார்கள். உப்பு நீர் சென்ற இடத்தில் அலை வலுவிழந்தது. தண்ணீர் போகும் பாதை ரேடார் படத்தில் தெரிந்தது.

எல்லா இடத்திலும் பலிக்குமா?

பலிக்காது. களிமண்ணிலும் உப்பு நீரிலும் அலை சீக்கிரம் அடங்கிவிடும். செலவும் அதிகம். முதலில் இரண்டு துளைகளும் வேண்டும். எனவே அணை, சுரங்கப் பாதை போன்ற பெரிய வேலைகளுக்கே இது ஏற்றது.

விவசாயிக்கு வேறு வழி உண்டு. தரையில் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்திப் பாறையைச் சோதிக்கலாம். இதற்கு மாநில நிலத்தடி நீர்த் துறையில் நிலவியல் அறிந்தவர்களைக் கேட்கலாம். இந்தச் சோதனையும் சில சமயம் தவறும். ஆனாலும் பக்கத்துக் கிணற்றைப் பார்த்துக் கடன் வாங்குவதைவிட, சோதித்துவிட்டுத் துளை போடுவது நல்லது.