மோட்டார் வண்டியின் பின் வில்லை மாற்றும் முறை

மேடுபள்ளமான சாலையிற் செல்லும் வண்டியின் அதிர்ச்சியைத் தான் ஏற்று, ஏறியிருப்போரைக் காப்பது வில் என்னும் உறுப்பாம். பட்டறைக்காரர் இதனைக் கமான் பட்டை என்பர். மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் இரும்பு விரைவிற் துருவேறுமாதலின், பழைய வண்டிகளில் முதற்கண் கவனிக்கற்பாலது இவ்வுறுப்பேயாம். அம்பாசிடர் வண்டியை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. எனினும் இதனைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உளர். அவர்கட்குப் பயன்படுமாறு இம்முறையை விளக்கப் புகுகின்றோம்.

இவ்வண்டியின் பின் அச்சினை இருபுறமும் தாங்குவன, எஃகுப் பட்டைகள் பலவற்றை அடுக்கிய விற்களாம். ஒரே தடித்த பட்டை போதாதோவெனின், போதாது. பட்டையின் கனத்தை இருமடங்காக்கின் அதன் விறைப்பு 8 மடங்காகும், வளைந்து கொடாது. மெல்லிய பட்டைகள் பலவாயின் பாரத்தையும் தாங்கும், வளைந்தும் கொடுக்கும். வில்லின் வளைவு சுமைக்கு ஏற்ற அளவினது என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் வெளியிட்டார். ஆயின், நாட்பட்டுச் சோர்ந்த வில் தன் பழைய நிலைக்கு மீள்வதில்லை. துரு அரித்த பட்டையோ வெடிக்கவுங் கூடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை இருபுறமும் அளந்து பார்க்க. ஒருபுறம் தாழ்ந்திருப்பினும், பட்டையில் வெடிப்புக் காணினும், இரு விற்களையும் ஒருங்கே மாற்றுதல் நன்று. ஒன்றை மட்டும் மாற்றின் வண்டி ஒருபுறம் சாய்தல் கூடும். பழைய பட்டையை உலையிற் காய்ச்சி வளைப்பின் எஃகின் பதம் கெடும். மீண்டும் முறைப்படி பதப்படுத்தாவிடின் அது நெடுநாள் நில்லாது.

இனி உயிரைக் காக்கும் செய்தி. கைப்பிரேக் பின் சக்கரங்களையே பற்றுவது. பின்புறம் உயர்ந்தபின் அதனாற் பயனில்லை. ஆகவே முன் சக்கரங்களின் இருமருங்கும் மரக்கட்டைகளை அடைகொடுக்க. மணற்பாங்கான தரையில் ஜாக்கி புதைந்து சாயுமாதலின், அதன் அடியில் தடித்த பலகை இடுக. வண்டியை உயர்த்தியவுடன் அடிச்சட்டத்தின் கீழ் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகுதல் ஒருபோதும் தகாது. செங்கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

துருவேறிய மரைகளுக்கு முதல் நாளே மண்ணெண்ணெய் விடுக. சக்கர மரைகளைத் தளர்த்திய பின்னரே வண்டியை உயர்த்துக. மற்றொரு ஜாக்கியினால் அச்சைத் தாங்குக. அச்சுத் தொங்கினால் பிரேக் குழாய் இழுபட்டுக் கெடும். அதிர்ச்சி தாங்கியின் இணைப்பையும், யூ போல்டுகளையும், பின்னர் வில்லின் இருமுனைத் திருகாணிகளையும் கழற்றி, இருவராக வில்லை இறக்குக. நடுத்திருகாணியை வீட்டிற் கழற்றலாகாது. இறுகிய பட்டைகள் தெறித்துக் காயப்படுத்தும்.

புதிய வில்லைப் பொருத்துங்கால், நடுத்திருகாணியின் தலை அச்சின் இருக்கையிலுள்ள துளையிற் சரியாக அமர்தல் வேண்டும். அமராவிடின் அச்சுக் கோணி, வண்டி நேரே ஓடாது. யூ போல்டுகள் புதியனவாக இருத்தல் நலம். அவற்றின் மரைகளை மாறி மாறிச் சமமாக முடுக்குக. ரப்பர் புஷ்கள் உள்ள முனைத் திருகாணிகளை, சக்கரங்கள் தரையிற் பட்டு வண்டியின் பாரம் வில்லில் இறங்கிய பின்னரே முழுதும் முடுக்குக. முன்னரே முடுக்கின், ரப்பர் எப்போதும் முறுக்குண்டு விரைவிற் கிழியும்.

சில நாள் ஓட்டிய பின் பட்டைகள் நன்கு படிந்து மரைகள் தளருமாதலின், அவற்றை மீண்டும் முடுக்குதல் இன்றியமையாதது. இச்சிறு கடமையை மறந்தோர் வண்டியின் அச்சே இடம் பெயர்தல் கூடும். அதன் விளைவு வழியிற் செல்வோர்க்கும் தீங்காய் முடியும் என்பதை நினைவிற் கொள்வோமாக.