செல்ஃப் எடுக்காத படகு

தேக்கடியிலும் மாட்டுப்பட்டியிலும் மலம்புழாவிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் விசைப்படகுகள் நன்னீரில் ஓடுபவை என்பதால், அவற்றின் மின்கம்பிகளை அரிப்பு அண்டாது என்று எளிதாக எண்ணிவிடலாம். கடல்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் உலோகத்தை விரைவில் அரிக்கிறது என்பதும், நன்னீரில் அந்த வேகம் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் இடுக்கி மலைகளில், ஈரம் உலராத எஞ்சின் அறைக்குள் கிடக்கும் செப்புக்கம்பி பச்சை பூப்பதற்கு உப்பு தேவையில்லை; காற்றின் ஈரமும் பேட்டரியிலிருந்து எழும் அமில ஆவியுமே போதும். படகு கிளம்பாதபோது பழி முதலில் பேட்டரியின் மேல் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் அந்தப் பச்சை பூத்த இணைப்புதான்.

இப்பகுதியில் இதை அறிந்திருக்க வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் தேக்கடி ஏரியில் இன்றும் தலைநீட்டி நிற்கின்றன, சுற்றியுள்ள கரையோ புலிகள் காப்பகம். ஆகவே நடு ஏரியில் எஞ்சின் நின்றுவிட்டால் நினைத்த இடத்தில் ஒதுங்கி இறங்கிவிட முடியாது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்ததற்கு மின்கோளாறு காரணமன்று. பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு நிலைகுலைந்தது. ஆயினும் எஞ்சின் திடீரென ஓய்ந்தால் பயணிகள் பதறி எழுவது இயல்பு என்பதால், ஓட்டுநர் ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் அனைவரையும் இருந்த இடத்திலேயே அமர்த்த வேண்டும்.

பழைய வகை டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை. அதில் மின்கோளாறு கிளம்பும் நேரத்தில்தான் தெரியவரும். வேகப் படகுகளின் பெட்ரோல் எஞ்சினுக்கோ தீப்பொறி இடைவிடாது வேண்டும். செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பற்றாவிட்டால், ஓட்டுநரின் உடலோடு பிணைத்திருக்கும் சுருள்கயிற்றின் மறுமுனை அதன் ஸ்விட்சில் சரியாக மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; ஓட்டுநர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கான அந்த ஏற்பாடு, கயிறு கழன்றிருக்கும்வரை தீப்பொறியை விடாது. செல்ஃப் சிறிதும் அசையாவிட்டால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி, ஏனெனில் கியர் விழுந்திருந்தால் பல எஞ்சின்கள் செல்ஃபுக்கு மின்சாரம் செல்வதைத் தாமே தடுத்துவிடும்.

இவ்விரண்டும் சரியாக இருந்து, சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒலியோடு நின்றுவிடுவதே அதிகம் குழப்பும் நிலை. ஓய்விலிருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் அளவிலும், பாதிச் சார்ஜில் 12.2 வோல்ட் அளவிலும் காட்டும். மல்டிமீட்டர் 12.6 காட்ட, விளக்கும் எரிய, ஹாரனும் ஒலிக்க, செல்ஃப் மட்டும் எடுக்காமல் இருப்பது எப்படி? விளக்குக்குச் சில ஆம்பியர் மின்னோட்டம் போதும், செல்ஃபுக்கோ நூறு ஆம்பியருக்கு மேலும் தேவைப்படலாம். அடைப்புள்ள குழாயிலும் குடம் நிரம்பிவிடும், ஆனால் வயலுக்கு நீர் பாயாது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைப்பதே வழியில் இழக்கப்படும் வோல்ட் என்பது ஓம் விதி. அழுக்கேறிய ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால், நூறு ஆம்பியர் பாயும்போது 5 வோல்ட் அங்கேயே வெப்பமாக வீணாகும், மிஞ்சும் ஏழு சொச்சம் வோல்ட்டில் செல்ஃப் சுற்றாது.

ஆகையால் அளவை ஓய்வில் எடுக்காமல், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது எடுக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தண்டிலும், மறு முனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மீட்டர் ஏறக்குறைய சுழியமே காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால், கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில்தான் கோளாறு இருக்கிறது. இதே சோதனையை கேபிளின் இரு முனைகளுக்கிடையிலும், பலரும் மறந்துவிடும் எர்த் பக்கத்தில் நெகட்டிவ் தண்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலும் செய்தால் குறை எங்கே என்பது தெரிந்துவிடும். கிளாம்பைக் கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் எடுத்துக்கொண்டால், ஸ்பேனர் எஞ்சினில் பட்டு ஷார்ட் ஆகாது. வெளியே பளபளப்பாக இருக்கும் கேபிளின் உறையைச் சற்றுக் கீறிப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், சுரண்டுவதில் பயனில்லை. அதை மாற்றத்தான் வேண்டும்.

பேட்டரியே கெடுவதும் உண்டு. மலம்புழா இருக்கும் பாலக்காட்டின் கோடை வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். சுமார் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள மாட்டுப்பட்டியின் ஜனவரிக் குளிர் அதன் உந்துவலுவைத் தற்காலிகமாகக் குறைக்கும். சவாரியில்லாத மழைக்காலத்தில் சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகி மீளாமல் போகும்.

பெட்ரோல் படகில் எந்த இணைப்பைத் தொடுவதற்கு முன்பும் எஞ்சின் அறையைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும், ஏனெனில் காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி அடித்தளத்தில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸையோ கம்பித் துண்டையோ செருகுவதும் ஆபத்தானது. ஃபியூஸ் காப்பது கருவியை மட்டுமன்று, படகினுள் ஓடும் கம்பியையும்தான்.

அடித்தளத்தில் சேரும் நீரை வெளியேற்றும் பம்பின் மிதவை ஸ்விட்சில் சேறும் இலையும் சிக்கிக்கொண்டால், அது பம்பை இரவெல்லாம் வெற்றாக ஓடவிட்டு பேட்டரியைத் தீர்த்துவிடும், அல்லது நீர் ஏறும்போது பம்பை ஓடவே விடாது. படகுத்துறையிலேயே, பயணிகள் ஏறுமுன், அந்த மிதவையைக் கையால் உயர்த்தி பம்பின் ஒலியைக் கேட்டுவிட ஒரு நிமிடம்கூட ஆகாது.