பாட்டியின் டிரங்குப் பெட்டியை யாரிடம் ஒப்படைப்பது?

புது தில்லி: தலைநகரின் லாஜ்பத் நகர், ராஜிந்தர் நகர், படேல் நகர் ஆகியவை நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்த அகதிகளுக்காக உருவான குடியிருப்புகள். அன்று எழுந்த சிறு வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. இடிப்பதற்கு முன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அப்போதுதான் பேரப்பிள்ளைகள் முன் அந்தக் கேள்வி எழுகிறது: பரணில் கிடக்கும் பாட்டியின் டிரங்குப் பெட்டியை என்ன செய்வது?

இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் தங்கமோ வைரமோ இருப்பதில்லை. பித்தளைக் குவளை, பூ வேலைப்பாடு கொண்ட புல்காரித் துணி, திறப்பதற்குக் கதவில்லாத ஒரு சாவி, மடிப்புகளில் கிழிந்துபோன நிலப் பத்திரம் என்று சந்தையில் விலை போகாத பொருள்களே இருக்கும். பழைய பொருள் வாங்கும் கபாடிவாலா அவற்றை எடைபோட்டுத்தான் வாங்குவார். ஆனால், எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல் புறப்பட்டவர்கள் கையில் எடுத்துவந்தவை அவை.

1947-ல் ஒரு கோடிக்கும் அதிகமானோர் புதிய எல்லைகளைக் கடந்தனர். தில்லிக்கு மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வந்தனர். 1941-ல் 9 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த தில்லியின் மக்கள்தொகை 1951-ல் 17 லட்சத்தைக் கடந்தது. அதே நாள்களில் இந்நகரின் முஸ்லிம்கள் பெருந்திரளாகப் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் தஞ்சம் புகுந்து, அங்கிருந்து பாகிஸ்தானுக்குப் பயணமாயினர். எனவே இதே போன்ற பெட்டிகள் லாகூரிலும் கராச்சியிலும் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடலாகாது.

அரசு இழப்பைக் கணக்கிட்ட விதம் வேறு. இடம்பெயர்ந்தோர் இழப்பீடு, மறுவாழ்வுச் சட்டம் 1954-ல் இயற்றப்பட்டது. மேற்குப் பாகிஸ்தானில் விட்டுவந்த அசையாச் சொத்துகளே அதன்படி கணக்கில் கொள்ளப்பட்டன. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. வீட்டுக்கும் நிலத்துக்கும் கோப்பு உண்டு. அந்த வீட்டில் வாழ்ந்த வாழ்க்கைக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு இல்லை. அதற்குச் சாட்சியாக எஞ்சியிருப்பவை இந்தப் பெட்டிகளே.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் பஞ்சாபின் கீழ்நிலை நிர்வாகமும் பள்ளிக் கல்வியும் பெரிதும் உருது மொழியிலேயே நடந்தன. தாத்தாவின் கடிதங்களும் கணக்குகளும் உருது எழுத்தில் உள்ளன. இந்தியிலும் ஆங்கிலத்திலும் படித்த பேரனால் தன் குடும்பத்தின் பத்திரத்தையே வாசிக்க இயலவில்லை. வாசிக்க முடியாத காகிதம் எளிதில் குப்பையாகிவிடுகிறது.

பிரிவினைக்கென ஓர் அருங்காட்சியகம் அமைய 70 ஆண்டுகள் ஆயின. அமிருதசரஸ் நகர மண்டபத்தில் 2017-ல் அது திறக்கப்பட்டது. அதையும் அமைத்தது ஓர் அறக்கட்டளைதான். தில்லி காஷ்மீரி கேட் பகுதியில் உள்ள தாரா ஷிகோ நூலகக் கட்டடத்தில் 2023-ல் மற்றோர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சாதாரணக் குடும்பங்கள் தாமாக முன்வந்து அளித்த பொருள்கள் இவற்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

அமிருதசரஸில் ஒரு புல்காரி மேலங்கியும் பழுப்பு நிறத் தோல்பெட்டியும் வைக்கப்பட்டுள்ளன. பெரியோர் பேசி முடித்த ஓர் ஆணும் பெண்ணும் கலவரத்தில் பிரிந்து, தனித்தனியே எல்லை கடந்தனர். அவள் கொண்டுவந்தது மேலங்கி. அவன் கொண்டுவந்தது ஆவணங்கள் அடங்கிய தோல்பெட்டி. அகதி முகாமில் இருவரும் மீண்டும் சந்தித்தனர்; 1948-ல் மணம் புரிந்தனர். இந்தக் கதை தெரியாதவருக்கு அவை ஒரு பழைய துணியும் ஒரு பழைய பெட்டியும் மட்டுமே.

தில்லியைச் சேர்ந்த ஆஞ்சல் மல்ஹோத்ரா, இத்தகைய பொருள்களின் வழியே பிரிவினையைப் பதிவு செய்து 2017-ல் நூல் வெளியிட்டார். தம் குடும்பத்தார் லாகூரிலிருந்து கொண்டுவந்த ஓர் உலோகக் குடமும் துணி அளக்கும் கஜக்கோலும்தான் அந்தத் தேடலைத் தொடங்கி வைத்தன. குடம் பேசாது, குடத்தைக் கையில் எடுத்த முதியவர் பேசினார்.

சட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்பட 100 ஆண்டுகள் ஆக வேண்டும். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகள் போதும். 1947-ம் ஆண்டின் காகிதங்கள் 2022-லேயே அந்த வயதை எட்டிவிட்டன. சட்டம் தொல்பொருளாக மதிக்கக்கூடிய ஒன்றை நாம் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 14-ஐப் பிரிவினைக் கொடுமைகள் நினைவு நாளாக மத்திய அரசு 2021-ல் அறிவித்தது. அந்த நாளை எவ்வாறு நினைவுகூர்வது என்பது குறித்து அரசியல் அரங்கில் வாதங்கள் எழுந்தன. வாதங்கள் எப்படியாயினும், கொடி பிடிக்காத, யார் மீதும் பழி சுமத்தாத சாட்சியங்கள் பரண்களில்தான் உறங்குகின்றன. குவளை எந்தக் கட்சிக்கும் சொந்தமல்ல.

எல்லாப் பெட்டிகளையும் அருங்காட்சியகங்கள் ஏற்றுக்கொள்ள இயலாது. எல்லாக் குடும்பங்களும் தங்கள் துயரத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க விரும்புவதும் இல்லை. அதில் தவறில்லை. விற்பதும், பகிர்ந்துகொள்வதும், கொடுத்துவிடுவதும் வாரிசுகளின் உரிமை. ஆனால் பொருளைக் கைவிடுவது வேறு, அதன் வரலாற்றைக் கைவிடுவது வேறு. வரலாறு பதிவாகிவிட்டால் பொருளைப் பிரிவது துரோகமாகாது. பதிவாகாவிடில் அதைப் பூட்டி வைத்திருப்பதாலும் பயனில்லை.

1947-ல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். பெட்டியை இன்னும் சில ஆண்டுகள் பரணில் விட்டுவைக்கலாம். அதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் அதுவரை காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை. பெட்டி யாருக்கு என்று முடிவு செய்யும் முன், அதை ஒருமுறை அவர் முன்னிலையில் திறந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்வது நல்லது.