உஷார்! வண்டி சேற்றைத் தாண்டிவிட்டதா? இனிமேல்தான் ஆபத்து!

ஐப்பசி மழை பிடித்ததும் மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்க்கா வைத்திருப்பவர்களுக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையானால் நாலைந்து வண்டிகளாகச் சேர்ந்து கண்மாய்க்கரை, ஓடைப்பாதை என்று சகதியைத் தேடிப் போகிறார்கள். வீல் சுழன்று சேறு தெறிக்கிறது. வண்டி முக்கி முனகி மேலேறுகிறது. கைதட்டல், வீடியோ, பிரியாணி. வண்டியை அப்படியே வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள்.

அங்கேதான் தப்பு நடக்கிறது. சேறு வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் சேற்றுக்குள் வைத்து அல்ல. வண்டியோடு ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான். ரேடியேட்டரில், பிரேக் டிரம்மில், ஆக்ஸில் ஆயிலில், சேசிஸ் பொந்துகளில் உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாமல் தின்கிறது. மெக்கானிக் பில்லை நீட்டும்போது, அது எந்த ஊர்ச் சேறு என்றுகூட உங்களுக்கு நினைவிருக்காது.

கம்பெனி சொல்லும் ஆழம் சேற்றுக்கு அல்ல!

தார் 650 மி.மீ., கூர்க்கா 700 மி.மீ., ஜிம்னி 300 மி.மீ. ஆழத்தில் போகும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. அது நிற்கும் தண்ணீரில், மெதுவாகப் போவதற்கான கணக்கு. சேற்றில் நீங்கள் பார்க்க வேண்டியது வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை. தாருக்கு அது 226 மி.மீ., ஜிம்னிக்கு 210 மி.மீ. அதற்கு மேல் வீல் புதைந்தால் வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். பிறகு நாலு வீல் சுழன்றும் பயனில்லை.

இறங்குவதற்கு முன் ஒரு கம்பை விட்டு ஆழம் பாருங்கள். மண்ணையும் பாருங்கள். செம்மண் சேறு கொஞ்சம் இரக்கமுள்ளது. கரிசல் அப்படியில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் சுமந்து நடந்த கதை சொல்வார்கள். தண்ணீரை உறிஞ்சி ஊதும் களி அது. டயர்ப் பள்ளங்களை நிரப்பி, மட்கார்டுக்குள் அப்பி, வீலையே சுற்றவிடாமல் செய்துவிடும். காய்ந்தாலோ கல்தான்.

கோவாவில் 2014-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். போட்டிக்கென்றே மாற்றிக் கட்டிய வண்டிகள் அவை. ஷோரூமிலிருந்து வந்த உங்கள் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

சூட்டோடு இறக்காதீர்கள்!

ஹைவேயில் வேகமாக வந்து, அதே சூட்டில் குளிர்ந்த சேற்றுத் தண்ணீருக்குள் இறங்குவது பலரும் செய்யும் தவறு. ஓடி வந்த வண்டியின் டிஃபரன்ஷியல் ஹவுசிங் கொதித்துக்கொண்டிருக்கும். திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து இழுக்கும். ஹவுசிங் காற்று வாங்கும் பிரீதர் குழாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், சேற்றுத் தண்ணீர்தான் உள்ளே போகும். குழாய் அடைத்திருந்தாலோ ஆயில் சீல் தேய்ந்திருந்தாலோ, சீல் வழியாகவும் போகும். வீல் பேரிங்குக்கும் இதே கதி.

அன்றைக்கு எதுவும் தெரியாது. சில வாரம் கழித்துப் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்கும். டிஃபரன்ஷியலின் கிரவுன்-பினியன் பல்சக்கரங்கள் போயிருக்கலாம். அதனால் இறங்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஆறவிடுங்கள். பிரீதர் குழாய் எங்கே இருக்கிறது, மூடி அடைத்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

இன்ஜின் தண்ணீரைக் குடித்து நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள்! காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். இப்படி வரும் இன்ஜின் சேதத்தைச் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஏற்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' கவர் இருக்கிறதா, அதன் நிபந்தனைகள் என்ன என்று பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சிக்கிக்கொண்டால் உயிர் முக்கியம்!

வண்டிக்கு வரும் கேடு மெதுவாக வரும். ஆளுக்கு வரும் ஆபத்து காத்திருக்காது.

டோ பாலில் பெல்ட்டை மாட்டி இழுக்காதீர்கள். டிரெய்லரை இழுக்க வைத்த குண்டு அது. சேற்றில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும் விசையை அது தாங்காது. பிய்ந்தால் பீரங்கிக் குண்டுதான். பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். வண்டியின் சேசிஸில் இதற்கென்றே கொடுத்திருக்கும் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். வின்ச் கம்பி மேல் நனைந்த சாக்கோ கனமான போர்வையோ போடுங்கள், அறுந்தால் துள்ளுவது குறையும். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. வீடியோ எடுப்பவருக்கும் இதே சட்டம்தான்.

ஆக்ஸிலேட்டரை மிதித்து வீலைச் சுழற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு பக்க வீல் நின்று மறுபக்க வீல் மட்டும் சுற்றினால், அது ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தைவிட இரண்டு மடங்கில் சுற்றுகிறது. முள் 60 என்றால் டயர் 120! குழியும் ஆழமாகும், டயரும் சூடேறும்.

சைலன்சர் வாய் சேற்றில் புதைந்திருந்தால் ஏ.சி. போட்டுக்கொண்டு உள்ளே உட்காராதீர்கள். புகை வண்டிக்குள்ளேயே திரும்பலாம். அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். முதலில் இன்ஜினை அணையுங்கள். சைலன்சர் வாயைத் தோண்டி எடுங்கள். ஜாக்கி போடுவதானால் அடியில் அகலப் பலகை வைக்காமல் போடாதீர்கள். வண்டிக்கு அடியில் தலையை விடவே விடாதீர்கள்.

ரோட்டுக்கு வந்ததும் நாலு வேலை!

முதலாவது, ஃபோர் வீல் டிரைவை எடுத்து டூ வீலுக்கு மாற்றுங்கள். தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் ஃபோர் வீல் டிரைவ் பார்ட் டைம் வகை. காய்ந்த ரோட்டில் ஃபோர் வீலிலேயே ஓட்டித் திருப்பினால் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஜாயின்ட்களும் முறுகும்.

இரண்டாவது, காற்று. சேற்றுக்காக 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கியிருந்தால், வேகம் எடுப்பதற்கு முன் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். கையோடு ஒரு பம்ப் இல்லையென்றால் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

மூன்றாவது, பிரேக். மெதுவாகப் போய்க்கொண்டே லேசாகப் பலமுறை அழுத்திப் பாருங்கள். சேறு படிந்த பிரேக் முதல் அழுத்தத்தில் பிடிக்காமல் போகலாம். அதை ஹைவேயில் லாரிக்குப் பின்னால் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நான்காவது, ரிம்மின் உட்பக்கம். அங்கே அப்பிய சேறு ஒரு பக்கம் கனத்தால், 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். ஒரு குச்சியால் சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள்.

வழியெல்லாம் டெம்பரேச்சர் முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். ரேடியேட்டர் சேற்றால் அடைபட்டிருந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

கழுவுவதிலும் உஷார்!

'நாளைக்கு வாட்டர் வாஷ் விட்டுக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். ஈரச் சேறு தண்ணீருக்குக் கரையும். காய்ந்த கரிசல் லேசில் கரையாது. இன்ஜின் ஆறியதும், அன்றைக்கே தொடங்குங்கள்.

ரேடியேட்டரை முன்னாலிருந்து பிரஷர் தண்ணீரில் அடித்தால் சேறு இன்னும் உள்ளேதான் போகும், தகடுகளும் மடங்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய வேகத்தில் விடுங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே சிக்கிய சேறு கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், ஆயில் சீல் மேல் பிரஷர் கன்னை நேராகக் காட்டாதீர்கள். சேசிஸ் ஓட்டைகளுக்குள் ஹோஸை விட்டுக் கழுவுங்கள். அங்கே தங்கும் ஈரமண்தான் துருவின் வீடு.

மூன்று வண்டிகளுக்கும் பின்னால் டிரம் பிரேக். உள்ளே போன சேறு தானாக வெளியே வராது. லைனரையும் டிரம்மையும் மணல்தாள் போல அரைத்துக்கொண்டே இருக்கும். டிரம்மைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதுவரை இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் போட்டு, வீலுக்குக் கல் கொடுங்கள்.

மறுநாள் காலையில் முடிக்க வேண்டியவை

ஆக்ஸில் வரைக்கும் தண்ணீரில் இறங்கியிருந்தால், வண்டியை ஓட்டாமல் இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் டிஃபரன்ஷியல் டிரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம். அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் கலங்கி வெளுத்திருந்தாலும் அதே அர்த்தம்தான். உடனே மாற்றுங்கள். புது ஆயிலின் விலையை கிரவுன் செட்டின் விலையோடு ஒப்பிட்டால் தயங்கவே மாட்டீர்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிரீஸ் சேற்றோடு வெளியேறிப் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தாரின் முன் ஆக்ஸில் ரப்பர் பூட்களில் கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சின்னக் கிழிசல் வழியாகவே கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும்.

கணக்குப் போட்டால், சேற்றில் ஆடியதைவிடக் கழுவவும் பார்க்கவும் ஆகும் நேரம் அதிகம். அந்த நேரம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் சேற்றுப் பக்கமே போகாதீர்கள்!