சவ்வுக்கு முன்னும் பின்னும்

ஆயுள் முடிந்த ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) மெம்பரேன்களைக் கழித்துக் கட்டும்போது, ஒன்றையாவது அறுத்துப் பார்க்க வேண்டும். எட்டு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளம் கொண்ட உருளை அது. மேலே இருக்கும் ஃபைபர் உறையை ரம்பத்தால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சுருளைத் தரையில் பிரித்தால், கோரைப்பாய் போல விரிந்துகொண்டே போகும். ஒரே உருளைக்குள் சுமார் 400 சதுர அடிச் சவ்வு!

அந்தச் சவ்வை விரலால் தடவினாலே பாதிக் கதை தெரிந்துவிடும். பாசிபோல் வழுக்கினால் கிருமிகள் குடியேறியிருக்கின்றன. நறநறவென்றிருந்து, ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்தால் சுண்ணாம்பு. செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. எதுவுமே ஒட்டாமல் புதிதுபோல் இருந்தும் உப்பைத் தடுக்கவில்லை என்றால், பெரும்பாலும் குளோரின் அதைத் தின்றிருக்கும். இவற்றில் எதுவும் சவ்வு செய்த தவறு அல்ல. அதற்கு முன்னால் இருக்கும் தொட்டிகளில் நடந்த தவறுகள்தான் அதன் முகத்தில் வந்து படிகின்றன.

இதைத் திருப்பூரின் சாயப்பட்டறைகள் பட்டுத் தெரிந்துகொண்டன.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது அறுபது கிராம்கூடப் போடுவார்கள். அந்த உப்பு நூலில் தங்குவதில்லை. சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு, முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தைக் குறைக்கலாம், நாற்றத்தைப் போக்கலாம், கிருமிகளை விட்டு அழுக்கைத் தின்ன வைக்கலாம். கரைந்த உப்பை மட்டும் அந்தச் சுத்திகரிப்புத் தொட்டிகள் எதனாலும் எடுக்க முடியாது. அப்படியே விடப்பட்ட நீர் நொய்யல் ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. பாசனத்துக்குத் தண்ணீர் கேட்ட உழவர்களே, அதைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உவர்ந்தன. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் தீர்ப்பானது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது.

அன்றைக்கே அந்த நிலையங்கள் பலவற்றில் ஆர்.ஓ. இருந்தது என்பதை வெளியூர்க்காரர்கள் பலர் அறிய மாட்டார்கள். கோடிக்கணக்கில் கடன் வாங்கி மெம்பரேன்களை மாட்டியிருந்தார்கள். பிறகு ஏன் தோற்றது?

முதல் காரணம் சவ்வுக்கு முன்னால் இருந்தது. நிறத்தை எடுக்கச் சுண்ணாம்பையும் அன்னபேதியையும் கொட்டுவது பழைய வழக்கம். ஆற்றில் விடுவதற்கு அது போதும் என்று நினைத்த காலத்து முறை. மிச்சமிருக்கும் கால்சியமும் இரும்பும் சவ்வில் போய்ப் படிந்தால் அடைப்புத்தான். இரண்டாவது காரணம் பின்னால். ஆர்.ஓ. எல்லா நீரையும் நல்ல நீராக்குவதில்லை. ஒரு பங்கை உப்பு செறிந்த ரிஜெக்ட்டாகத் திருப்பித் தரும். அதைக் கொதிக்க வைத்து ஆவியாக்கும் எவாப்பரேட்டர்கள், வந்த ரிஜெக்ட்டின் அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை. ரிஜெக்ட் தொட்டி நிரம்பிவிட்டால் ஆர்.ஓ.வை ஓட்ட முடியாது. அது நின்றால் பட்டறையை நிறுத்த வேண்டும், அல்லது ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ஆகவே மேம்படுத்தும் வேலை தொடங்கியபோது, மெம்பரேனை மாற்றுவது அதில் சின்ன அங்கம்தான். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நடந்த வேலை பலருக்கும் முன்மாதிரி ஆனது. ரசாயனத்தைக் கொட்டுவதற்குப் பதில் கிருமிகளைக் கொண்டு சுத்திகரிக்கும் முறையை வலுப்படுத்தினார்கள். மிச்ச நிறத்துக்கும் கடினத்தன்மைக்கும் தனித்தனி ரெசின் வடிகட்டிகள் வைத்தார்கள். அதற்குப் பிறகே நீர் ஆர்.ஓ.வுக்குப் போனது. ரிஜெக்ட் முழுவதையும் கொதிக்க வைக்காமல், அதில் ஒரு பகுதியைத் தெளிந்த உப்புக்கரைசலாகவே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, மாற்றம் சாயத் தொட்டி வரைக்கும் பின்னோக்கிப் போனதுதான். சாதா உப்புக்குப் பதிலாக கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டுக்குப் பட்டறைகள் மாறின. குளோரைடு எவாப்பரேட்டரின் எஃகை அரிக்கும். சல்பேட் அவ்வளவு அரிக்காது. கரைசலைக் குளிர வைத்தால் படிகமாகப் பிரிந்து, சலவைக்கல் தூள்போல் வெள்ளையாகக் கைக்கு வந்துவிடும். அதை மறுபடியும் சாயத்துக்கே போடலாம்.

சவ்வின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1960-ஐ ஒட்டி, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து போன சௌரிராஜனும் சேர்ந்து உருவாக்கிய செல்லுலோஸ் அசிடேட் சவ்வுதான் ஆர்.ஓ.வை ஆய்வகத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்தது. அது கொஞ்சம் குளோரினைத் தாங்கும். இன்று எல்லா இடத்திலும் இருக்கும் பாலிஅமைடு சவ்வு குறைந்த அழுத்தத்தில் அதிக நீர் தரும், உப்பையும் நன்றாகத் தடுக்கும். குளோரினை மட்டும் துளியும் தாங்காது. நிறம் போகவும் கிருமி சாகவும் முன்னால் குளோரின் போடுகிறோம் அல்லவா? அது சவ்வைத் தொடுவதற்கு முன் பைசல்பைட் போட்டு முழுவதும் முறித்தாக வேண்டும். அந்த டோசிங் பம்ப் இரவில் நின்றுபோய் யாரும் பார்க்காமல் விட்டால், லட்சக்கணக்கான ரூபாய் மெம்பரேன் பாழாகும். வெப்பமும் அப்படித்தான். சாயத் தொட்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் நீரை ஆற வைக்காமல் அனுப்பக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் சவ்வுக்கு ஆகாது.

மணல் வடிகட்டி இருந்த இடத்தில் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. நல்லதே. ஆனால் அதுவும் ஒரு சவ்வுதான், அதற்கும் கழுவல் உண்டு. நீர் வரத்து பத்துப் பதினைந்து விழுக்காடு குறைந்ததும் நிறுத்தி, அமிலத்தாலும் காரத்தாலும் கழுவிவிட வேண்டும் என்பது எல்லா நிலையத்திலும் எழுதி ஒட்டியிருக்கும் விதி. நடைமுறையில் ஷிப்டுக்கு இவ்வளவு நீர் என்ற கட்டாயத்தில், பம்பின் அழுத்தத்தைக் கூட்டி ஓட்டிவிடுகிறார்கள். படிவு இறுகிவிடுகிறது, பிறகு எந்தக் கழுவலுக்கும் அது இளகாது. லாக் புத்தகத்தில் மணிக்கு மணி அழுத்தமும் வரத்தும் எழுதும் ஆபரேட்டருக்கு, எந்திரத்தை நிறுத்தும் அதிகாரமும் கொடுக்க வேண்டும். கோடி ரூபாய்க்கு மெம்பரேன் வாங்கும் நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. எல்லாம் பிரித்தெடுத்த பிறகு கடைசியில் மிஞ்சுவது கலவை உப்பு: சல்பேட்டும் குளோரைடும் சாயத்தின் மிச்சமும் கலந்த பழுப்புக் கட்டி. சாயத்துக்கு ஆகாது, எளிதில் விலைபோகாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சல்பேட்டைத் தடுத்து நிறுத்தி, குளோரைடைக் கடந்துபோக விடும் நானோ ஃபில்ட்ரேஷன் சவ்வுகளை இன்னும் முன்கூட்டியே பொருத்தினால், இந்தக் கலப்பைப் பெருமளவு குறைக்கலாம். அதற்கான செலவைப் பட்டறைக்காரர்கள் மட்டுமே சுமக்க முடியாது. அவர்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் விலையில் பங்கு தர வேண்டும். நொய்யலுக்குப் போகாமல் அரும்பாடுபட்டுத் தடுத்த அதே உப்புதான் அந்த மூட்டைகளில் இருக்கிறது. ஐப்பசி மழையில் கொட்டகைக் கூரை ஒழுகினால், மறுபடியும் கரைந்து மண்ணுக்குள் இறங்கிவிடும்.